‘லைன்’ என்றால் எந்த லைன்?

ஹட்டன் பகுதியிலுள்ள தோட்டம் ஒன்றில், சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்காகச் சிறியதோர் ஆங்கில வகுப்பு நடைபெறுகிறது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கை கழுவி, பிள்ளைகளுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, கோயில் மண்டபத்துக்கு வந்து பாய் விரித்து அமர்ந்துகொள்கிறார்கள். வருபவர்களில் இருபது வயதுப் பெண்ணும் இருக்கிறாள். பேரப்பிள்ளை கண்ட பாட்டியும் இருக்கிறார்.

அந்த வகுப்பில் ஒரு நாள், பின்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஓர் அக்கா வாய் திறந்தார். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் இதே மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அக்கா வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கிளிநொச்சிப் பக்கம். 2009இல் கணவர் காணாமல் போனார். முகாம் வாழ்க்கை முடிந்து, இரண்டு பிள்ளைகளுடன் தமக்கையின் லயத்துக் காம்பராவுக்கே திரும்பி வந்தவர் அவர்.

“ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேங்க டீச்சர். என்னாச்சுன்னு கேக்கப் போன் எடுத்தேன். எடுத்த ஆளு இங்கிலீசுல என்னமோ சொன்னாங்க. கடைசியில ‘ஹோல்ட் த லைன்’னாங்க. எனக்கு லைன்னு மட்டுந்தான் வெளங்கிச்சு. எந்த லைன்ல இருக்கேன்னு கேக்கறாங்கன்னு நெனச்சு, ‘நாலாம் லயமுங்க, எங்க அக்கா வீட்டுல இருக்கேங்க’ன்னு சொன்னேன். பதிலே இல்ல. பாட்டுத்தான் கேட்டிச்சு. நம்மள ஏளனம் பண்றாங்கன்னு நெனச்சு வச்சுட்டேன்.”

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, “அதுக்கப்புறம் மூணு மாசம் நான் போனே எடுக்கல” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

‘ஹோல்ட் த லைன்’ என்றால், தொலைபேசியை வைத்துவிடாமல் சற்றுப் பொறுங்கள் என்பதுதான் பொருள். மறுமுனையில் இருந்தவர் கோப்பைத் தேடப் போயிருக்கலாம். உரிய உத்தியோகத்தருக்கு இணைப்பை மாற்றியிருக்கலாம். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஒரு சிறு சொல்லின் இரண்டாவது பொருள் தெரியாததால் ஒரு தாயின் மூன்று மாதம் வீணாகிப் போனது.

அன்று அந்த வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை. ‘லைன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இருட்டும் வரை பேசினார்கள். அதையே இம்மாதம் உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறோம், சகோதரிகளே.

நூலில் பிறந்த சொல்

இலத்தீன் மொழியில் ‘லீனம்’ என்றால் ஆளி என்ற செடி. அதன் நாரில் திரித்த நூலை ‘லீனியா’ என்றார்கள். அதிலிருந்து வந்ததே ‘லைன்’. ‘லினன்’ துணி என்று நாம் கடையில் கேட்பதும் அதே செடியின் பெயரால் வந்ததுதான்.

மேசன் சுவர் கட்டும்போது நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய நூல் நேராக நிற்கும். அந்த நேர்மையைப் பார்த்துக் கோட்டுக்கும் ‘லைன்’ என்றார்கள். கோடு போல ஆட்கள் நின்றால் அதுவும் லைன். கோடு போல எழுத்துகள் ஓடினால் அதுவும் லைன். கோடு போல இரும்புப் பாதை போனால் அதுவும் லைன். கம்பி வழியே குரல் வந்தால் அதுவும் லைன். ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாப் பொருளும் வந்து சேர்ந்துவிடும்.

நம் தமிழிலும் இதே கதை உண்டு. ‘நூல்’ என்றால் தையல் நூல். ‘நூல்’ என்றால் படிக்கும் புத்தகமும்தான். நாம் குழம்புவதில்லை. “ஊசியில் நூல் கோர்” என்றால் யாரும் புத்தகத்தைத் தேடுவதில்லை.

தோட்டத்துக்கு வந்த கதை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் படைவீரர்களைக் குடியிருத்த நீளமாக, வரிசையாக அறைகளைக் கட்டினார்கள். அவற்றை ‘லைன்ஸ்’ என்று அழைத்தார்கள். இந்திய நகரங்களில் ‘பொலிஸ் லைன்ஸ்’, ‘சிவில் லைன்ஸ்’ என்ற இடப்பெயர்கள் இன்றும் உள்ளன.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கி, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியதன் பின்னர் மலைகள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறின. தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்ட குடியிருப்பும் படைவீரர் குடியிருப்பின் அச்சில்தான் அமைந்தது. ஒரே கூரை, ஒரே நீள வரிசை, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை கட்டப்பட்ட லயங்களும் உண்டு. ‘லைன்ஸ்’ என்று துரைமார் சொன்னதை நம் மக்கள் தமிழாக்கி ‘லயம்’ என்றார்கள், ‘லயன்’ என்றார்கள்.

இசை தெரிந்தவர்களுக்கு லயம் என்றால் தாளத்தோடு ஒன்றுவது. குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பெயர். இவை வெவ்வேறு சொற்கள். ஒலி மட்டுமே ஒன்றுபடுகிறது. ஆனாலும் மலையகத்தில் இந்த ஒலி ஒற்றுமையைச் சொல்லிக் கசப்போடு சிரிக்காதவர் குறைவு.

இன்னும் பல ஆங்கிலச் சொற்கள் இப்படித் தோட்டத்துக்கு வந்து தமிழாகிவிட்டன. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் ‘பிரட்டு’, ‘பரேட்’ என்ற படைமுகாம் சொல். பெயர் பதியும் ‘செக்ரோல்’, தேயிலைத் தொழிற்சாலையான ‘ஸ்டோர்’, தோட்டத்தின் பிரிவான ‘டிவிஷன்’ எல்லாம் அப்படி வந்தவையே. ஆகவே, “எனக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது” என்று எந்தத் தோட்டத்துப் பெண்ணும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாறு தலைமுறையாக ஆங்கிலச் சொற்களை நாக்கில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறோம்.

நமக்கும் பல பொருட்சொற்கள் உண்டு

“ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சமா?” என்று வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம்.

‘கொடி’ என்றால் படரும் செடி. தேசியக் கொடியும் கொடி. துணி காயப்போடக் கட்டுவதும் கொடி. தாயையும் பிள்ளையையும் இணைப்பது தொப்புள் கொடி.

‘வரி’ என்றால் கொப்பியில் எழுதும் வரி. அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரி. புலியின் உடம்பில் இருப்பதும் வரி.

‘படி’ என்றால் வாசற்படி. பிள்ளையைப் பார்த்து ‘படி’ என்றால் வேறு. அரிசி அளக்கும் படி வேறு.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் பெயர் மட்டுமா? “இன்னைக்கு அரைப் பேருதான் கெடச்சிச்சு” என்றால் அரைநாள் சம்பளம்தான் விழுந்தது என்று அர்த்தம். ‘மலை’ என்றால் தேயிலை நிற்கும் நிலப்பகுதி. “எந்த மலையில வேலை?” என்றால் பிதுருதலாகலையைப் பற்றியோ சிவனொளிபாத மலையைப் பற்றியோ யாரும் சொல்வதில்லை.

இத்தனையையும் நாம் நாள்தோறும் தடுமாறாமல் கையாளுகிறோம். சொல்லைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்துச் சொல்லையும் பேசுகிற இடத்தையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் முடிகிறது. ஆங்கிலத்துக்கும் அதே வழிதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்

வகுப்பில் எழுதப்பட்ட வாக்கியங்கள் சிலவற்றைக் கீழே தருகிறோம். சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

1. கோடு. ‘ட்ரோ அ லைன்.’ ஒரு கோடு போடு. பாலர் வகுப்புப் பிள்ளை கற்கும் முதல் பொருள் இது. ‘வறுமைக் கோடு’ என்று செய்தியில் வருவது ‘பொவெர்ட்டி லைன்’. ஒரு மாதத்துக்கு ஒருவருக்கு அத்தியாவசியச் செலவுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கிட்டு வெளியிடும் தொகை அது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் யார், மேலே இருப்பவர் யார் என்பதை அது பிரிக்கிறது.

2. எழுத்து வரி. ‘ரீட் த ஃபர்ஸ்ட் லைன்.’ முதலாவது வரியை வாசியுங்கள். ‘ட்ரொப் மீ அ லைன்’ என்று ஒருவர் சொன்னால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்று பொருள். எதையும் கீழே போடச் சொல்லவில்லை.

3. ஆள் வரிசை. ‘ப்ளீஸ் ஸ்டாண்ட் இன் லைன்.’ தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள். இலங்கையில் இதற்கு ‘கியூ’ என்ற பிரித்தானியச் சொல்லே பெரிதும் வழங்குகிறது. அமெரிக்கர்கள் ‘லைன்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

4. தொலைபேசி இணைப்பு. ‘த லைன் இஸ் பிஸி.’ மறுமுனையில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார், பிறகு எடுங்கள். ‘த லைன் இஸ் டெட்.’ இணைப்பு வேலை செய்யவில்லை. இங்கே ‘டெட்’ என்ற சொல்லைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. யாரும் இறக்கவில்லை. ‘ஹோல்ட் த லைன்.’ வைத்துவிடாமல் பொறுங்கள்.

5. புகையிரதப் பாதை. ‘டோன்ட் வோக் ஒன் த லைன்.’ தண்டவாளத்தில் நடக்காதீர்கள். கொழும்பிலிருந்து மலையேறும் பாதைக்கு ‘மெயின் லைன்’ என்று பெயர். அது 1884இல் ஹட்டனை அடைந்தது. 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போனது. வடக்கே போகும் பாதை ‘நோர்தேர்ன் லைன்’. 1990இல் யுத்தத்தால் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

6. மின்கம்பி. ‘டோன்ட் டச் த பவர் லைன்.’ மின்கம்பியைத் தொடாதீர்கள். மலைநாட்டில் காற்று மழைக்கு மரம் சரிந்து கம்பி அறுந்து கிடக்கும் காலங்களில், பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டிய வாக்கியம் இது.

7. துணிக்கொடி. ‘த குளோத்ஸ் ஆர் ஒன் த லைன்.’ துணி கொடியில் காய்கிறது.

8. தொழில். ‘வட் லைன் ஆர் யூ இன்?’ நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்? இங்கே யாரும் லய இலக்கத்தைக் கேட்கவில்லை. ‘ஐ ஆம் இன் த டெய்லரிங் லைன்’ என்றால் நான் தையல் தொழிலில் இருக்கிறேன் என்பதாகும்.

9. கடைசி நாள். ‘த டெட்லைன் இஸ் ஃப்ரைடே.’ வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இந்தச் சொல்லின் பிறப்பு யுத்தத்தில்தான். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஜோர்ஜியா மாநிலத்தில் இருந்த அண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உட்புறமாக ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவர். அந்த எல்லைக்கு ‘டெட்லைன்’ என்று பெயர். பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்கள் வேலை முடிக்க வேண்டிய நேரத்துக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முட்கம்பி வேலிக்குள் வாழ்ந்து வந்த நம் சகோதரிகளுக்கு இதன் பழைய பொருளை விளக்கத் தேவையில்லை. புதிய பொருளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

10. கையொப்பக் கோடு. ‘சைன் ஒன் த டொட்டட் லைன்.’ புள்ளிக் கோட்டின் மேல் கையொப்பம் வையுங்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் பேனாவை எடுக்காதீர்கள். கோட்டுக்கு மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். நுண்கடன் பத்திரங்களில் வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ பெண்கள் வாசிக்காமல் கையொப்பம் வைத்து, தம் கடனுக்கும் பக்கத்து வீட்டுக்காரியின் கடனுக்கும் சேர்த்துப் பொறுப்பாளியாகிப் பட்ட பாடு நாம் அறிந்ததே. வெறுமையாக விடப்பட்ட கோடுகள் உள்ள தாளில் ஒருபோதும் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். வைத்த பின் அந்தக் கோட்டில் யார் எதை நிரப்புவார்கள் என்று நமக்குத் தெரியாது.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது, ஒரே செய்தியில் இரண்டு ‘லைன்’ வந்ததை வகுப்பில் ஒருவர் நினைவுபடுத்தினார். சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். அது ஒரு லைன். இந்தியா உணவுக்கும் மருந்துக்கும் நூறு கோடி டொலர் ‘கிரெடிட் லைன்’ கொடுத்தது. அது குறிப்பிட்ட தொகை வரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வசதி. நமக்கு விளங்கும்படி சொன்னால், கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு மாதம் முழுதும் சாமான் கொடுப்பதைப் போன்றது.

எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று கேள்வி கேட்டால் போதும்.

முதலாவது, எங்கே கேட்கிறேன்? தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் இணைப்பு. அலுவலக வாசலில் கேட்டால் வரிசை. படிவத்தில் கண்டால் எழுதும் கோடு.

இரண்டாவது, முன்னால் என்ன சொல் இருக்கிறது? ‘ரெட் லைன்’, ‘பவர் லைன்’, ‘டெட்லைன்’ என்று முன்னால் வரும் சொல்லே பாதிப் பொருளைச் சொல்லிவிடும். ‘இன் லைன்’ என்றால் வரிசையில். ‘ஒன் த லைன்’ என்றால் தொலைபேசியில் இருக்கிறார் அல்லது கொடியிலோ பாதையிலோ இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ‘ஒன்லைன்’ என்றால் இணையத்தில்.

மூன்றாவது, என்ன செய்யச் சொல்கிறார்கள்? வாசி என்றால் எழுத்து வரி. நில் என்றால் ஆள் வரிசை. பொறு என்றால் தொலைபேசி.

இந்த மூன்றுக்கும் பிறகும் விளங்காவிட்டால், கேட்பதில் வெட்கமில்லை. ‘ப்ளீஸ் ஸ்பீக் இன் டமில்’ என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். தமிழில் பேசுங்கள் என்று கேட்பது தயவு கேட்பதல்ல. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறுவது நமது உரிமை.

சொல்ல விரும்பாத லைன்

அன்று கரும்பலகையில் பத்துப் பொருளும் எழுதி முடிந்த பின், அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: “இன்னொன்னு இருக்குங்க டீச்சர். அங்க வன்னியில லைன்னா சண்டை நடக்கிற எடம். ‘லைனுக்குப் போயிட்டான்’னு சொன்னா, தாய்மாருக்கு அன்னைக்குச் சோறு எறங்காது.”

போர் முன்னரங்கை ஆங்கிலத்தில் ‘ஃப்ரண்ட் லைன்’ என்பர். மலையகத்தில் பிறப்பு முதல் இறப்பு வரை வாழும் வீடாக இருந்த சொல், வன்னியில் பிள்ளைகளைக் கொண்டுபோகும் இடமாக இருந்தது. இரண்டையும் அனுபவித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1977, 1981, 1983 வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் காடு வெட்டிக் குடியேறி, அங்கும் யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்தவர்கள் அவர்கள்.

சில சொற்களைக் கேட்டால் நெஞ்சு படபடப்பது, கை குளிர்வது, அழுகை வருவது இயற்கை. அது பைத்தியமல்ல, பலவீனமுமல்ல. மனம் பட்ட காயத்தைச் சொல் தொட்டுவிடுகிறது. அப்படி வரும்போது தனியே இருக்காமல் ஒருவரிடம் பேசுங்கள்.

பேசுவதற்கும் ஒரு ‘லைன்’ உண்டு. அதன் பெயர் ‘ஹெல்ப்லைன்’, அதாவது உதவித் தொலைபேசி. பெண்களுக்கு எதிரான வன்முறை, துன்புறுத்தல் பற்றிப் பேச 1938. சிறுவருக்குத் தீங்கு நேர்ந்தால் 1929. மனநல உதவிக்கு 1926. நான்கு இலக்கங்கள்தான். அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும். அங்கே யாராவது ‘ஹோல்ட் த லைன்’ என்றால் வைத்துவிடாதீர்கள், பொறுத்திருங்கள்.

முகவரி எழுதுவோம்

வகுப்பின் கடைசிப் பயிற்சி முகவரி எழுதுவது. அந்த அக்காவின் மகள் உயர்தரம் படித்தவள். அவள் ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள். ஆனால் தோட்டத்தின் பெயரையும் ஹட்டன் என்பதையும் மட்டும் எழுதி நிறுத்திவிட்டாள். “லைன் நம்பர் எழுதலியா பிள்ள?” என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவள் பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் முழு முகவரி இல்லாததால் வரும் நட்டமும் பெரிது. தோட்டங்களில் நெடுங்காலமாகக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போகும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். டிவிஷனும் லய இலக்கமும் இல்லாத கடிதம் கைமாறிக் கைமாறித் திரியும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த கதையை அதே வகுப்பில் இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: முதலில் முழுப் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. அடுத்து லய இலக்கமும் காம்பரா இலக்கமும். அடுத்து டிவிஷன். அதன் பின் தோட்டத்தின் பெயர். கடைசியில் தபாலகம் உள்ள ஊர். முடிந்தால் தொலைபேசி இலக்கம்.

லயத்தில் வாழ்வது நமது குற்றமல்ல. அந்த அறைகளைக் கட்டியவர்கள் நாமல்ல. அந்த அறைகளிலிருந்து எழுந்து போய்த்தான் நம் தாய்மார் இந்த நாட்டின் ஏற்றுமதிக்குக் கொழுந்து பறித்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குடியுரிமை கிடைத்ததும், 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்ததும், மக்கள் தாம் யார், எங்கே வாழ்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னதால்தான். 2023இல் மலையக மக்கள் வரலாற்றின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே நடந்தார்கள். இன்னும் பெருமளவு குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. தனி வீடு வரும் வரை இந்த முகவரிதான் நமது உரிமைக்குச் சாட்சி. வாக்காளர் பட்டியலிலும் சரி, நிவாரணப் பட்டியலிலும் சரி, முகவரி இல்லாதவள் கணக்கில் இல்லாதவள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த மகள் தாளை மறுபடி எடுத்தாள். ‘லைன் நம்பர் ஃபோர்’ என்று நடுவில் சேர்த்து எழுதினாள்.

அக்காவும் அடுத்த திங்கட்கிழமை தொலைபேசி எடுத்தார். இம்முறை, “தமிழ்ல பேசுங்க” என்று முதலில் கேட்டார். மறுமுனையில் பொறுக்கச் சொன்னார்கள். பாட்டு ஓடியது. பொறுத்தார். விண்ணப்பத்தில் ஒரு பிரதி குறைவாக இருக்கிறது, அனுப்பினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மூன்று மாதமாக அந்தக் கோப்பு ஒரு தாளுக்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

கீழுள்ள வாக்கியங்களில் ‘லைன்’ என்ன பொருளில் வருகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

அ. தெயர் இஸ் அ லோங் லைன் அட் த பேங்க்.
ஆ. ஐ கான்ட் ஹியர் யூ, த லைன் இஸ் பேட்.
இ. ரைட் யுவர் நேம் ஒன் திஸ் லைன்.
ஈ. மை க்ராண்ட்மதர் வோஸ் போர்ன் இன் அ லைன் ரூம்.
உ. த ட்ரெயின் இஸ் லேட், அ ட்ரீ ஹேஸ் ஃபோலன் ஒன் த லைன்.

விடைகள்: அ. ஆள் வரிசை. ஆ. தொலைபேசி இணைப்பு. இ. எழுதும் கோடு. ஈ. லயத்துக் காம்பரா. உ. புகையிரதப் பாதை.

ஐந்தும் சரியென்றால், இன்றிரவு நீங்களாகவே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றி, தொலைந்தவரைப் பற்றி, எதைப் பற்றியும் எழுதலாம். பிழை வந்தால் வரட்டும். ஒரு வரி போதும்.